அப்பப்பா நட்ட மஞ்சள் மூங்கில் உளுத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

வயற்கரை டீச்சர், தம்பலகாமம்

வணக்கம். மூங்கில் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுக்கதையும் தெரிந்தால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வளவு தம்பலகாமத்தில், வாய்க்கால் ஓரம். வடக்கு மூலையில் ஒரு பெரிய மூங்கில் பற்றை நிற்கிறது. தடி நல்ல மஞ்சள், அதில் நெடுக்காகப் பச்சைக் கோடுகள். ஒரு கணுவிடையில் இருக்கும் கோடு அடுத்ததில் வேறு இடத்தில் இருக்கும். முள் கிடையாது. லைற் கம்பத்தை விட உயரம்.

1964 மார்கழிப் புயலில் அந்தப் பக்கத்துத் தென்னைகள் விழுந்த பிறகு, காற்றுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று அப்பப்பா மகாவலிக் கரையிலிருந்து இரண்டு துண்டுத் தடியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து புதைத்தாராம். வேர் இல்லாத வெறும் தடி. அதிலிருந்து வந்ததுதான் இவ்வளவும்.

1990 இல் நாங்கள் வளவை விட்டுப் போனோம். திரும்பி வந்த அன்று வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு காட்டுக்குள் மறைந்து கிடந்தது. ஒழுங்கை எது, காணி எது என்று மற்றவர்கள் தடுமாறிக்கொண்டு நிற்க, அப்பா தூரத்தில் மஞ்சளைக் கண்டுவிட்டு நேரே நடந்தார். மூங்கிலடியில் நின்று கிணற்றுப் பக்கமாகக் காலடியால் எண்ணி, "இதில் வெட்டு" என்று தம்பியிடம் கத்தியைக் கொடுத்தார். கிணற்றுக்கட்டு அங்கேதான் இருந்தது. அதனால் இந்தப் பற்றையை என்னால் வெறும் பற்றையாகப் பார்க்க முடியாது.

இப்போது பிரச்சினை. போன வருடம் ஆவணியில் இருபது தடி வெட்டிக் கன்றுக்குட்டிக்கு ஒரு கொட்டில் போட்டோம். மூன்று மாதத்தில் கீழே தரையெல்லாம் மெல்லிய தூள் கொட்டத் தொடங்கியது, அரித்த அரிசி மா மாதிரி. தடியில் ஊசி குத்தின அளவில் ஓட்டைகள். பங்குனியில் ஒரு பக்கக் கூரை சரிந்துவிட்டது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "ஒன்றுக்கும் உதவாத மூங்கிலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய், பெக்கோ மெஷின் பிடித்துத் தோண்டிவிட்டு மதிலைக் கட்டு, காசு அனுப்புகிறேன்" என்கிறான். அவன் சொல்வதில் பிழை பிடிக்கவும் முடியவில்லை. இப்போது நாங்கள் மூங்கிலில் எடுப்பது என்ன? மாங்காய் பறிக்கக் கொக்கத்தடி, குசினிக்கு ஊதுகுழல், பிள்ளைகளின் பட்டத்துக்கு ஈர்க்கு. வைகாசியில் கந்தளாய் றோட்டுப் பக்கமிருந்து சிங்களப் பிள்ளைகள் வெசாக் கூடு (வெளிச்சக்கூடு) கட்டக் கேட்டு வருவார்கள், இரண்டு தடி கொடுப்பேன். அவ்வளவுதான்.

ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. அப்பம்மா விதை போட்டு வைக்கும் ஒரு மூங்கில் குழாய் இருக்கிறது. வெண்டி விதை, பயற்றை விதை எல்லாம் அதில்தான். அடுப்புக்கு மேலே தொங்கும். 1990 இல் ஓடும்போது அவ கையில் எடுத்த சாமான்களில் அதுவும் ஒன்று. அது இதே பற்றையில் வெட்டிய தடி. இன்றுவரை ஒரு பூச்சி தொடவில்லை, தேன் நிறமாகி, தட்டினால் கிண் என்று கேட்கிறது. அது மட்டும் எப்படித் தப்பியது?

இது என்ன இனம், உளுக்காமல் வைக்க என்ன வழி, குருத்தைச் சாப்பிடலாமா, மூங்கில் அரிசி கிடைக்குமா, மதிலுக்கு இதனால் ஆபத்தா? தெரிந்ததைச் சொல்லுங்கள்.


கரைத் தோணி, கிண்ணியா

டீச்சர், உங்கள் அப்பாவின் கதையை வாசித்துவிட்டு உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வெட்டிவிடாதீர்கள்.

வாப்பா தோணிக்காரர். 2009 இல் பாலம் திறக்க முந்தி, துறையில் மிதவைப்பாதை ஓடின காலத்திலேயே எங்கள் வீட்டு முற்றத்தில் மூங்கில் கிடக்காத நாள் இல்லை. வள்ளம் தாங்கும் கம்பு, பாய் கட்டும் தடி, வலை காயப்போடும் தடி, கருவாடு போடும் தட்டி, எல்லாம் அதுதான். கருவாட்டுத் தட்டிக்கு மூங்கிலைப் பிளந்து, உட்பக்கம் கீழே பார்க்கப் பின்னுவார்கள். மேற்தோல் வழுவழுப்பு, மீன் ஒட்டாது, கழுவினால் வாசமும் போகும்.

வாப்பா புதுத் தடியை ஒருநாளும் அப்படியே பாவித்ததில்லை. களப்புச் சேற்றில் அமத்தி, மேலே கல்லை ஏற்றி, இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுவார். எடுக்கும்போது நாற்றம் தாங்க முடியாது. கழுவி நிழலில் நிறுத்திக் காயவைத்தால் பிறகு வருடக்கணக்கில் நிற்கும். வெட்டுவதென்றால் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார்.

ஆனால் ஒன்று, உங்கள் கொட்டிலுக்கு உப்புத்தண்ணீர் வேண்டாம். உப்பேறின தடி மாரி காலத்தில் ஈரத்தை இழுக்கும், ஆணி எல்லாம் துருவேறிவிடும். எங்களுக்குக் கயிற்றுக்கட்டு என்பதால் பரவாயில்லை. உங்களுக்கு வாய்க்கால் இருக்கிறதே, நல்ல தண்ணீரே போதும்.


கொட்டியாரப் பேத்தி, மூதூர்

டீச்சர் அக்கா, "ஒன்றுக்கும் உதவாது" என்று தம்பி சொன்னது எனக்கு மனதில் குத்திவிட்டது. அந்தத் தடியில் ஒரு குழல் பிட்டு அவித்துப் படம் அனுப்புங்கள்.

நீத்துப்பெட்டி என்னும் ஓலைப் பெட்டியில் அவிப்பது ஒரு ருசி, மூங்கில் குழலில் அவிப்பது வேறு ருசி. அலுமினியக் குழலில் அந்த வாசம் வராது. அம்மம்மா செய்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதை அப்படியே சொல்கிறேன்.

நன்றாக முற்றிய தடி வேண்டும். உள்வாய் நாலு விரல் போகிற அளவு. கணுவுக்குக் கீழே நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும், அந்தப் பாகம்தான் பானை வாய்க்குள் இறங்கும். மேலே அடுத்த கணு வரும் முன் அறுத்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் கணுத்தட்டை உளியால் தட்டி எடுக்கும்போது முழுவதும் எடுக்காமல் சுற்றிவர ஒரு விளிம்பு விட வேண்டும். அந்த விளிம்பில் சிரட்டைச் சில்லு இருக்கும், சில்லில் நாலைந்து ஓட்டை. அவிந்த பிறகு கீழிருந்து ஒரு தடியால் சில்லைத் தள்ளினால் பிட்டு உடையாமல் வெளியே வரும். மூடிக்கும் சிரட்டைதான், கண் திறந்தது.

முக்கியமான வேலை கயிறு சுற்றுவது. தும்புக் கயிற்றை நனைத்து, அடியிலிருந்து வாய்வரை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றாத குழல் ஆவியில் ஊறி, வெயிலில் காய்ந்து, பத்தாம் நாள் நெடுக்காக வெடித்துவிடும். சுற்றின குழலைப் பிடித்துத் தூக்கும்போது கையும் சுடாது. பானை வாயில் இருத்தும் இடத்தில் கொஞ்சம் தடிப்பாகச் சுற்றினால் ஆவி பக்கத்தால் போகாது.

புதுக் குழலை முதலில் உப்புத்தண்ணீரில் ஒரு கொதி விட்டு அவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் முதல் இரண்டு பிட்டில் பச்சை மூங்கில் வாசம் இருக்கும், அவை கோழிக்கு. மூன்றாவது உங்களுக்கு. பாவித்த பிறகு கழுவி, அடுப்பு மேட்டில் சாய்த்து வைத்துவிட வேண்டும், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் பக்கம் செங்கமாரி (மஞ்சள் காமாலை) வந்தால் மஞ்சள் மூங்கில் குருத்தை அவித்துக் குடிக்கச் சொல்வார்கள். அதையும் சொல்லி வைக்கிறேன்.


ஓய்வுபெற்ற போதனாசிரியர், உப்புவெளி

தங்கச்சி, நீங்கள் தந்த அடையாளமே போதும். மஞ்சள் தடி, பச்சைக் கோடு, முள் இல்லை, வேரில்லாத துண்டிலிருந்து முளைத்தது. இது பம்பூசா வல்காரிஸ், அதில் விட்டாட்டா என்னும் வகை. சிங்களத்தில் கஹ உண என்பார்கள். வெப்ப நாடுகளில் இதைப்போல எங்கும் நடப்பட்ட மூங்கில் குறைவு. பூர்வீகம் தென் சீனமும் இந்தோசீனாவும் சேர்ந்த பகுதி என்று கருதப்படுகிறது. 10 முதல் 20 மீற்றர் உயரம் வரும், தடிமன் 4 முதல் 10 சென்ரிமீற்றர். பேராதனைப் பூங்காவில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் அந்த ராட்சத மூங்கில் வேறு இனம்.

மூங்கில் அரிசியை மறந்துவிடுங்கள். இந்த இனம் பூப்பதே மிக அரிது, பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. மூங்கில் அரிசி என்று இந்தியாவிலிருந்து வருவது முள் மூங்கிலுடையது. அது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, நெல் மாதிரி விதையைக் கொட்டிவிட்டுக் கூட்டமாகவே செத்துவிடும். உங்களுடையது மனிதர் கையால் துண்டு துண்டாக ஊரூராகப் போனது. மகாவலிக் கரையில் உங்கள் அப்பப்பா வெட்டின அந்தப் பற்றையும் உங்கள் வளவில் நிற்பதும் ஒரே உடம்பு.

இனி உளுத்த கதைக்கு வருவோம். தூள் கொட்டியது மூங்கில் வண்டு. சுமார் 3 மில்லிமீற்றர்தான் இருக்கும், கறுத்த கபில நிறம். அது தேடி வருவது மரத்தை அல்ல, மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்தை. மற்ற மூங்கில்களை விட இந்த இனத்தில் மாச்சத்து கூட, அதனால் வண்டும் கூட. இரண்டு இடத்தில் பிழை நடந்திருக்கிறது. முதலாவது, ஆவணி. மாரி தொடங்கக் குருத்து விட வேண்டும் என்பதற்காகப் பற்றை அந்த நேரம் மாச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். இரண்டாவதை நான் ஊகிக்கிறேன், வெட்ட வசதியாக வெளியே நின்ற தடிகளை வெட்டியிருப்பீர்கள். வெளியே நிற்பது இளசு. முற்றல் உள்ளே நிற்கும்.

மூங்கில் தடி வயது போகப் போகப் பருக்காது. மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் முழுச் சுற்றளவோடுதான் வரும், சில மாதத்தில் முழு உயரமும் வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் முற்றுவது மட்டும். அதனால் பருமனைப் பார்த்து வயது சொல்ல முடியாது. அடியில் பாளை, அதாவது குருத்தை மூடி வந்த உறை, ஒட்டியிருந்தால், தோல் பளபளத்தால் அது இளசு. பாளையைத் தொடும்போது கவனம், கருஞ்சுணை இருக்கும், கை சொறியும். நிறம் மங்கி, பாசி படர்ந்து, கத்திப் பிடியால் தட்டினால் இறுக்கமான சத்தம் வந்தால் மூன்று வயதாவது இருக்கும். அதை வெட்டுங்கள்.

காலம், மாரி முடிந்து அந்த வருடக் குருத்தெல்லாம் நிமிர்ந்த பிறகு, மாசி பங்குனி. தேய்பிறை பார்ப்பதென்றால் பாருங்கள், கெடுதல் இல்லை. மாதத்தைத் தவறவிடாதீர்கள். நிலத்திலிருந்து முதலாம் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே, கணுவை ஒட்டி வாளால் அறுக்க வேண்டும். உயரத்தில் வெட்டிவிட்டால் அடிக்கட்டை கிண்ணம் மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். அது அழுகிப் பற்றைக்குள் இறங்கும், நுளம்பும் பெருகும். டெங்கு இருக்கிற ஊரில் இதைச் சும்மா விடக் கூடாது.

வெட்டின தடியை உடனே கிளை சீவாமல், இலையோடு பற்றையிலேயே சாய்த்து இரண்டு கிழமை நிறுத்துங்கள். இலை தன் பாட்டில் உள்ளே இருக்கும் ஈரத்தையும் சத்தையும் குடித்து முடிக்கும். பிறகு சீவி, கிண்ணியாத் தம்பி சொன்ன மாதிரி நல்ல தண்ணீரில் அமத்துங்கள். மாச்சத்து கரைந்து, புளித்துப் போய்விடும். நாற்றம் அதனால்தான்.

கொட்டில் வளை, முகட்டுத்தடி என்று பாரம் தாங்கும் இடத்துக்கு இன்னும் உறுதி வேண்டுமென்றால் வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். 100 லீற்றர் தண்ணீருக்கு வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. நீளக் கம்பியால் உள்ளே கணுத்தட்டுகளைக் குத்தித் துளைத்துவிட்டு ஒரு கிழமை, பத்து நாள் ஊறவிட வேண்டும். இது கூரைக்குக் கீழே நிற்கும் தடிக்கு மட்டும், மழை பட்டால் கழுவுண்டு போகும். பிட்டுக் குழலுக்கோ மாடு நக்கும் இடத்துக்கோ வேண்டவே வேண்டாம்.

அப்பம்மாவின் குழாய்க்கு விடை அடுப்புதான். வருடக்கணக்கில் புகை குடித்த மூங்கில் அது. சூடு ஈரத்தை வைத்திருக்க விடவில்லை, புகைக்கரி தோலிலும் உள்ளேயும் படிந்துவிட்டது. வண்டுக்கு அது பிடிக்காது. பழைய ஆட்கள் விதையையும் ஏணியையும் குசினி முகட்டில் வைத்தது இடம் காணாமல் அல்ல.

குருத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த மூங்கிலின் குருத்தில் சயனைட்டை வெளிவிடும் ஒரு பொருள் இருக்கிறது. சாப்பிடலாம், தென்கிழக்காசிய நாடுகளில் சாப்பிடுகிறார்கள், ஆனால் பாளை உரித்து, மெல்லிதாக அரிந்து, மூடாத சட்டியில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மூதூர்ப் பிள்ளை சொன்ன செங்கமாரி மருந்தில் கொட்ட வேண்டிய அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஈரல் பழுதாகியிருக்கும் ஆளுக்கு அதைக் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை கோபிக்க வேண்டாம், நல்ல மனதோடு சொன்னீர்கள் என்று தெரியும்.

மதில்: இது கொத்தாக நிற்கும் இனம், நிலத்துக்குக் கீழே தூரமாக ஓடி முளைக்காது. ஆனால் ஒவ்வொரு வருடமும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரக்கும். ஒட்டிக் கட்டினால் தள்ளும். 4 மீற்றராவது தள்ளிக் கட்டுங்கள், எல்லையைத் தாண்டி வரும் குருத்தை மாரியிலேயே காலால் தட்டி உடைத்துவிடலாம், அவ்வளவு மெது.


கொட்டியாரப் பேத்தி, மூதூர்

ஐயா, கோபம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி யாருக்கும் சொல்ல மாட்டோம்.


வயற்கரை டீச்சர், தம்பலகாமம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா ஊகித்தது அப்படியே சரி, வெளிப்பக்கத் தடிகளைத்தான் வெட்டினோம். இன்று காலை போய்ப் பார்த்தேன். உள்ளே நுழையவே முடியாத அளவு நெருக்கம், செத்த தடிகள் சாய்ந்து கிடக்கின்றன. அப்பா இருந்த காலத்துக்குப் பிறகு யாரும் உள்ளே கை வைக்கவில்லை. பாசி பிடித்த தடிகளைத் தட்டிப் பார்த்தேன், ஐயா சொன்ன சத்தம் கேட்டது.

ஒரு கேள்வி. ஏதாவது காரணத்தால் தம்பியின் பேச்சுத்தான் நடக்கும் என்றால், அப்பப்பா செய்த மாதிரி நானும் துண்டு வைத்து வேறு இடத்தில் முளைக்க வைக்கலாமா?


ஓய்வுபெற்ற போதனாசிரியர், உப்புவெளி

தாராளமாக. வெட்டின துண்டிலிருந்து இவ்வளவு சுலபமாக வேர் விடும் மூங்கில் குறைவு. ஒன்று இரண்டு வயதுத் தடியில், கிளைமொட்டு பழுதாகாத இரண்டு கணு சேர்த்து அறுங்கள். நடுவில் ஒரு துவாரம் போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி, துணியால் அடைத்து, படுக்கையாக அரையடி ஆழத்தில் புதைத்து ஈரம் காயாமல் பாருங்கள். பத்து வைத்தால் பாதிக்கு மேல் முளைக்க வேண்டும். வாய்க்கால் கரையில் வையுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.


வயற்கரை டீச்சர், தம்பலகாமம்

நாலு மாதம் கழித்து வருகிறேன். மாசியில் பற்றையின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்தோம். செத்த தடி மட்டும் லாண்ட்மாஸ்டரில் (கை உழவு இயந்திரம்) இரண்டு பெட்டி விறகு. முற்றின தடி 34 வெட்டி, இலையோடு நிறுத்தி, பிறகு வயல் மூலையில் இருக்கும் குழியில் அமத்தினோம். பங்குனிக் கடைசியில் எடுத்து மாட்டுக் கொட்டில் போட்டாயிற்று. இதுவரை தூள் இல்லை. தினமும் காலையில் குனிந்து தரையைப் பார்க்கிறேன்.

துண்டு பத்து வைத்தேன், ஏழு முளைத்தது. இரண்டைக் கந்தளாயில் இருக்கும் வெசாக் கூட்டுப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிட்டுக் குழலும் செய்தேன். முதலாவது கயிறு இறுக்கம் போதாமல் வெடித்துவிட்டது. இரண்டாவது நன்றாக இருக்கிறது, படம் போட்டிருக்கிறேன். தம்பிக்கும் அனுப்பினேன். மதில் தள்ளிக் கட்டுவதென்றால் எவ்வளவு கூட முடியும் என்று கணக்குக் கேட்டிருக்கிறான்.

இன்னும் எட்டுத் தடி குழியில் கிடக்கிறது. தண்ணீர் பயங்கரமாக நாறுகிறது, பக்கத்து வயற்காரர் முகம் சுளிக்கிறார். எடுத்துவிடலாமா, இன்னும் விட வேண்டுமா?


கரைத் தோணி, கிண்ணியா

எடுக்காதீர்கள் டீச்சர். நாறுகிறதென்றால் மாச்சத்து கரைகிறது. குழித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள், கிழமைக்கு ஒருதடவை மாற்றினால் நாற்றம் பாதியாகக் குறையும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளென்றால் கரையோரமாகக் கட்டிப் போடுங்கள், கல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மிதந்து போய்விடும்.